மோட்டார் வண்டியின் பளபளப்பைக் கெடுக்கும் நுண்கீறல்கள்

வட இந்தியாவில் மே, ஜூன் மாதங்களில் வீசும் புழுதிக் காற்றை அங்கு வாழ்வோர் 'ஆந்தி' என்பர். மேற்கே தார்ப் பாலைவனத்தினின்றும் அதனை அடுத்த வறண்ட நிலங்களினின்றும் எழும் மண்துகள், தில்லி நகரின் கூரைகள், மரங்கள், வண்டிகள் அனைத்தின்மீதும் படிகிறது. மறுநாள் விடியற்காலையில் குடியிருப்புத் தெருக்களில் ஒரு காட்சியைக் காணலாம். வண்டி துடைக்கும் தொழிலாளி ஒருவர், கையில் ஒரு வாளி நீரும் ஒரு துணியும் கொண்டு, வரிசையாக நிற்கும் கார்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துடைத்துச் செல்கிறார். வண்டிகள் பலவாயினும் பெரும்பாலும் வாளி ஒன்றே, துணியும் ஒன்றே.

துடைத்த வண்டி தூய்மையாகவே தோன்றுகிறது. ஆயினும் ஓராண்டு கழிந்தபின் அதே வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், அதன் முன்மூடியில், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிலும் சிலந்தி வலை பின்னியது போன்ற மெல்லிய கோடுகள் ஒளிர்வதைக் காணலாம். வாங்கிய நாளில் இருந்த கண்ணாடி போன்ற பளபளப்பு மறைந்து, வர்ணம் வெளிறியது போலக் காட்சியளிக்கும். உரிமையாளர் வர்ணத்தின் தரத்தைக் குறை கூறுவார். அல்லது வெயிலைக் குறை கூறுவார். அரசாங்க ஜீப்பாயின், கவனமின்மை என்னும் பழி டிரைவர்மீது விழும். நாள்தோறும் தவறாமல் துடைத்தவர் அவரே என்பது இங்குக் கருதத்தக்கது. வண்டியைத் துடையாமல் விட்டதனால் இக்கீறல்கள் தோன்றவில்லை. துடைத்த முறையினாலேயே தோன்றின. இது நிகழும் விதத்தையும், இதனைத் தவிர்க்கும் வழியையும், நேர்ந்தபின் செய்யத்தக்கதையும் இக்கட்டுரையில் காண்போம்.

வர்ணப் படலத்தின் அமைப்பு

மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில், குதிரை வண்டிகளுக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷையே அவற்றிற்கும் பூசினர். அது உலர்வதற்கே பல நாட்கள் பிடித்தன. 1920-களில் நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட, விரைவில் உலரும் லாக்கர் வர்ணங்கள் வழக்கிற்கு வந்தன. பின்னர் சூளையில் இட்டு இறுகச் செய்யும் எனாமல் வர்ணங்களும், அக்ரிலிக் வர்ணங்களும் வந்தன. இவற்றிலெல்லாம் நிறப்பொருள் கலந்த பூச்சே மேற்பரப்பாகவும் அமைந்திருந்தது. 1980-களிலிருந்து வேறொரு முறை உலகெங்கும் பரவிற்று. நிறம் தரும் பூச்சின்மீது, நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற தெளிபூச்சு ஒன்றைப் பூசுவதே அம்முறை. இன்று ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு பூசப்பட்டவையே.

இத்தகைய வண்டியின் தகட்டை வெட்டிப் பார்த்தால் நான்கு அடுக்குகளைக் காணலாம். தகட்டை ஒட்டியிருப்பது துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு. மின்சாரத்தின் உதவியால் படியச் செய்யப்படும் இது சுமார் 20 மைக்ரான் கனமுடையது. (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அதன்மேல் மேடு பள்ளங்களைச் சமன் செய்யும் பூச்சு 30 மைக்ரான் அளவிலும், நிறப்பூச்சு 15 மைக்ரான் அளவிலும் அமைகின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக 40 முதல் 50 மைக்ரான் வரை தெளிபூச்சு அமைகிறது. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் பருமனுடையது. எனவே, வண்டியின் பளபளப்பு முழுவதும் ஒரு மயிரிழையினும் மெல்லிய படலத்தையே நம்பியுள்ளது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் கீழுள்ள நிறத்தைச் சிதைக்காதவாறு தடுக்கும் பொருள்களும் இப்படலத்திலேயே கலந்துள்ளன.

புழுதியின் கடினத்தன்மை

ஒரு பொருள் மற்றொன்றைக் கீறுமா என்பதை அளக்க, ஜெர்மானியக் கனிமவியலறிஞர் பிரெடெரிக் மோஸ் 1812-ஆம் ஆண்டில் ஓர் அளவு முறையை வகுத்தார். மிக மென்மையான மாக்கல்லுக்கு 1 என்றும், மிகக் கடினமான வைரத்திற்கு 10 என்றும் அவர் வரிசை எண் அளித்தார். இவ்வரிசையில் நமது நகம் ஏறத்தாழ 2½, செம்பு 3, சன்னல் கண்ணாடி 5½, பெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் 7. ஆற்று மணலிலும் சாலைப் புழுதியிலும் பெரும்பகுதியாக இருப்பவை இவ்விறுதி இரண்டுமே.

வண்டியின் தெளிபூச்சோ ஒருவகைப் பிளாஸ்டிக் பொருளாகும். வர்ணத் தொழிலில் இதன் கடினத்தைப் பென்சிலைக் கொண்டே சோதிக்கின்றனர். மென்மையான 6பி முதல் கடினமான 6எச் வரையுள்ள பென்சில்களை 45 பாகைச் சாய்வில் வைத்துத் தள்ளி, எந்தப் பென்சில் வரை படலம் கீறுபடாமல் தாங்குகிறது என்று காண்பர். பென்சில் முனையைக் கொண்டே அளக்கத்தக்க மென்மையுடைய பொருள், கண்ணாடியையே கீறும் படிகக்கல்லின் முன் எம்மாத்திரம்!

'மெல்லத்தானே துடைக்கிறேன்' என்று சிலர் எண்ணலாம். கையின் விசை குறைவாயினும், அதனைத் தாங்குவது மணல்துகளின் கூர்முனையாகும். அம்முனையின் பரப்பு மிகச் சிறிது. ஆகவே அங்கு ஏற்படும் அழுத்தம் மிகப் பெரிது. தையல் ஊசி சிறு விசையிலும் துணியைத் துளைப்பது இதனாலேயே. வண்டியின்மீது சும்மா படிந்து கிடக்கும் புழுதி யாதொரு கீறலும் செய்வதில்லை. அதன்மீது உலர்ந்த துணியை வைத்து இழுக்கும்போதுதான், ஒவ்வொரு துகளும் ஓர் உளியாக மாறுகிறது. துணியின் இழைகளுக்கிடையே அகப்பட்டுக் கொண்ட துகள், அத்துணி செல்லும் வழியெல்லாம் கோடு கிழித்துச் செல்கிறது. துணியை வாளியில் அலசும்போது அது நீரில் இறங்குகிறது. மறுமுறை துணியை முக்கும்போது மீண்டும் ஏறிக் கொள்கிறது. முதல் வண்டியின் புழுதி கடைசி வண்டியைக் கீறுவது இவ்வாறே.

கோடுகள் வட்டமாகத் தோன்றுவது ஏன்?

இக்கீறல்கள் வட்ட வட்டமாகத் தோன்றுவதால், துணியை வட்டமாகச் சுழற்றித் துடைத்ததே காரணம் எனப் பலர் கருதுவர். இது முற்றிலும் சரியன்று. நேர்கோட்டில் பல திசைகளிலும் துடைத்த வண்டியிலும் இவ்வட்டங்கள் தோன்றும். வண்டியைச் சுற்றி நடந்தால் வட்டங்களும் சூரிய பிம்பத்தோடு கூடவே நகர்வதைக் காணலாம். கீறலே வட்டமாயிருப்பின் அது நகர இயலாதன்றோ?

உண்மையில் நிகழ்வது யாதெனில், ஒவ்வொரு நுண்கீறலும் ஒரு சிறு வாய்க்கால் போன்றது. தன்மேல் விழும் ஒளியை அது தன் நீளத்திற்குக் குறுக்கான திசையிலேயே விசிறிபோல் சிதற விடுகிறது. நீளவாட்டில் சிதற விடுவதில்லை. ஆகவே, எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடும் ஆயிரக்கணக்கான கீறல்களுள், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டமாக அமையும் வாக்கிலுள்ளவை மட்டுமே நமது கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன. மற்றவை அவ்விடத்திலேயே இருந்தும் புலப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரிவன, உள்ள கீறல்களில் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கும். மேகமூட்டமான நாளில் ஒளி எல்லாத் திசைகளினின்றும் வருவதால் இவை மறைந்து விடுகின்றன. வெயிலிலும் இரவில் தனி விளக்கின் கீழும் தெளிவாகத் தெரிகின்றன. கருமை, கருநீலம் முதலிய அடர்ந்த நிறங்களில் மிகுதியாகவும், வெண்மையில் குறைவாகவும் தெரிவது, பின்னணியின் ஒளி வேறுபாட்டினாலேயே. வெள்ளை ஜீப் கீறுபடவில்லை என்று கொள்ளலாகாது.

கழுவும் முறை

தீமையின் காரணம் விளங்கியபின் அதனைத் தவிர்க்கும் வழி எளிதாகும். துணி படுவதற்கு முன்பே மணலை அகற்றுதல், அகற்றிய மணல் மீண்டும் துணியில் ஏறாமற் காத்தல் ஆகிய இரண்டுமே அடிப்படை விதிகள்.

முதலாவதாக, வண்டியை நிழலில் நிறுத்தி, அதன் தகடு சூடு ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். சூடான தகட்டில் நீர் விரைவில் உலர்ந்து, கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெண்புள்ளிகளாகப் படிந்துவிடும். பின்னர் கையோ துணியோ படாமல், குவளையால் அல்லது பூவாளியால் மேலிருந்து கீழாக நீரூற்றி, ஒட்டாத மண்ணை ஓட விடுதல் வேண்டும். காய்ந்த சேறு இருப்பின், அது ஊறி இளகும் வரை சில நிமிடங்கள் விட்டு, மறுமுறை நீரூற்ற வேண்டும்.

இரண்டாவதாக, இரண்டு வாளிகளை வைத்துக் கொள்ளுதல் வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். துணியைச் சோப்பு நீரில் முக்கி ஒரு பகுதியைத் துடைத்தவுடன், முதலில் வெறும் நீரில் நன்றாக அலசிப் பிழிந்து, அதன்பின்னரே மீண்டும் சோப்பு நீரில் முக்க வேண்டும். மணல் வெறும் நீரின் அடியில் தங்கிவிடும். ஷாம்பூவின் வேலை அழுக்கைக் கரைப்பது மட்டுமன்று. துகளுக்கும் வர்ணத்திற்கும் இடையே வழுவழுப்பான நீர்ப்படலம் ஒன்றை அமைத்து உராய்வைக் குறைப்பதும் ஆகும். துணி துவைக்கும் சோப்புத் தூள் காரத்தன்மை உடையது; வர்ணத்தின்மீதுள்ள மெழுகை நீக்கிவிடும்; கரையாத மணிகளும் அதில் இருக்கக்கூடும். ஆகவே அது ஏற்றதன்று.

மூன்றாவதாக, வரிசை முறை. கூரை, கண்ணாடிகள், முன்மூடி, பக்கங்களின் மேற்பாகம் என மேலிருந்து கீழே வருதல் வேண்டும். சக்கரங்களையும் அடிப்பாகத்தையும் கடைசியில், வேறொரு துணியால் கழுவ வேண்டும். மண்ணும் பிரேக்கிலிருந்து உதிரும் உலோகத் தூளும் அங்கேயே மிகுதி. துணியை அழுத்தாமல், ஒரே திசையில் நேராக இழுத்தல் நன்று. துணி தரையில் விழுந்தால், நன்றாக அலசாமல் அதனை மீண்டும் வண்டியில் வைத்தலாகாது.

துணியைப் பொறுத்தவரை, அடர்ந்த பஞ்சுபோன்ற இழைகளையுடைய மைக்ரோபைபர் துணி சிறந்தது. துகள் இழைகளுக்குள்ளே ஆழ்ந்து அமர்வதால் வர்ணத்தைத் தொடுவது குறைகிறது. அது கிடைக்காவிடில், பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துவாலை போதும். தையல் விளிம்பும் பொத்தானும் உள்ள பழைய சட்டைகள், முரட்டுத் தேங்காய் நார், தரை துடைக்கும் துணி ஆகியவை விலக்கத்தக்கன. துடைத்து முடிந்தபின் சோப்பு போக நீரூற்றி, உலர்ந்த தூய துணியை மேலே ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும்.

பறவை எச்சம் அமிலத்தன்மை உடையதாதலின் அதனை நாட்கணக்கில் விடலாகாது; காய்ந்தபின் சுரண்டுதலும் ஆகாது. நனைந்த துணியை அதன்மீது சில நிமிடங்கள் போர்த்தி, ஊறியபின் மெல்ல எடுத்தல் வேண்டும்.

நீர் அரிதான இடங்களில்

கள ஊழியர்களின் வண்டிகள் பெரும்பாலும் நீர் அரிதான இடங்களிலேயே இயங்குகின்றன. நகரங்களிலும் நிலைமை வேறன்று. 2024 மார்ச் மாதத்தில் பெங்களூரின் குடிநீர் வாரியம், குடிநீரால் வாகனங்களைக் கழுவுவதைத் தடை செய்து, மீறுவோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் தில்லி அரசாங்கம், குழாய்நீரைப் பாய்ச்சிக் கார் கழுவுதல் முதலிய வீண் செலவுகளுக்கு 2,000 ரூபாய் அபராதம் அறிவித்தது.

இங்குக் கூறிய முறை நீரை மிகுதியாகச் செலவிடுவதன்று. நிமிடத்திற்கு 10 லிட்டர் பாயும் ரப்பர்க் குழாயைக் கால்மணி நேரம் திறந்து விட்டால் 150 லிட்டர் செலவாகும். 15 லிட்டர் கொள்ளும் வாளிகள் மூன்றிலோ நான்கிலோ ஒரு காரைக் கீறலின்றிக் கழுவி முடிக்கலாம். அந்நீரும் குடிநீராயிருக்க வேண்டுவதில்லை. மணலும் எண்ணெயும் கலவாத மழைநீர் போதும்.

அவ்வளவு நீரும் கிடைக்காவிடின் செய்யத்தக்கது யாது? வர்ணத்தின்மீதுள்ள உலர்ந்த புழுதியை அப்படியே விட்டுவிடுவதே நன்று. ஒரு வாரம் புழுதியோடு நிற்பதனால் வண்டிக்குத் தீங்கில்லை. நாள்தோறும் உலர்துணியால் தட்டித் துடைப்பதனால் தீங்குண்டு. ஆயினும் முன்கண்ணாடி, விளக்குகள், எண் பலகை ஆகிய மூன்றையும் பாதுகாப்பின் பொருட்டு அன்றாடம் தூய்மை செய்தல் கட்டாயம். இதற்குச் சில குவளை நீரே போதும். உலர்ந்த புழுதியின்மீது வைப்பரை ஓட விடுதல் கூடாது. குவார்ட்ஸ் கண்ணாடியையும் கீறும் என்பதை முன்னரே கண்டோம். கீறுபட்ட முன்கண்ணாடி, இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கொளியைச் சிதறடித்துப் பாதையை மறைக்கும். வர்ணத்தின் கீறல் அழகைக் கெடுப்பதோடு நிற்கும். இக்கீறலோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

நேர்ந்துவிட்ட கீறல்களுக்குப் பரிகாரம்

முதலில் கீறலின் ஆழத்தை அறிதல் வேண்டும். வண்டியைக் கழுவி உலர்த்தியபின், கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடைபடாமல் வழுக்கிச் சென்றால், கீறல் தெளிபூச்சின் மேற்பகுதியில் மட்டுமே உள்ளது. நகம் சிக்கினால் அது ஆழமானது. தேய்த்து அதனைப் போக்க முயலலாகாது. அடியில் உலோகம் தெரியுமாயின், துரு பிடிப்பதற்கு முன் அவ்விடத்தைத் தூய்மை செய்து, துருத்தடுப்புப் பூச்சும் நிறப்பூச்சும் இட்டு மூடுதல் வேண்டும்.

மேலெழுந்தவாரியான நுண்கீறல்களுக்கு இரு பரிகாரங்கள் உண்டு. மெழுகு பூசுதல் முதலாவது. மெழுகு கீறலாகிய வாய்க்காலை நிரப்புவதால், ஒளி சிதறுவது குறைந்து கீறல் மறைந்தது போலத் தோன்றும். சில வாரங்களில், கழுவக் கழுவ, மெழுகு நீங்கிக் கீறல் மீண்டும் தெரியும். இது நிலையான பரிகாரமன்று. ஆயினும் வர்ணத்திற்கு இழப்பும் இல்லை.

பாலிஷ் செய்தல் இரண்டாவது. பாலிஷில் அலுமினிய ஆக்சைடு போன்ற மிக நுண்ணிய தேய்பொருள் உள்ளது. அது கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பூச்சையே, கீறலின் அடிமட்டம் வரை, சீராகத் தேய்த்துக் குறைக்கிறது. ஆதலின் இப்பரிகாரம் நிலையானது. ஆனால் ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் பூச்சு என்றென்றைக்குமாகக் குறைகிறது. 40 மைக்ரான் கையிருப்பிலிருந்து எத்தனை முறை செலவிடலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தெளிபூச்சு மிகவும் மெலிந்துவிட்டால் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஆற்றல் குன்றி, வெயிலில் படலம் வெளுத்துச் செதில் செதிலாக உரியும். அதன்பின் மறுவர்ணம் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.

எனவே, மிக நுண்ணிய பாலிஷை முதலில் எடுத்து, கண்ணில் படாத ஓரிடத்தில் சிறு பகுதியில் சோதித்துப் பார்த்து, அது போதாவிடில் மட்டுமே சற்று முரடானதைக் கையாள வேண்டும். முரட்டு ரப்பிங் காம்பவுண்டில் தொடங்குவது தவறு. தகட்டின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியதாதலின் அவ்விடங்களைத் தவிர்க்க வேண்டும். தேய்க்கும் துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால், அது தெளிபூச்சு இல்லாத பழைய முறை வர்ணம் என்று கொள்ளலாம். தெளிபூச்சு உள்ள வண்டியில் நிறம் ஒட்டுமாயின், மேற்படலம் தேய்ந்து போயிற்று என்பது பொருள். உடனே நிறுத்துதல் வேண்டும். பற்பசையால் தேய்க்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அதிலும் தேய்பொருள் உண்டெனினும், அது பல்லுக்காக அமைக்கப்பட்டது, வர்ணத்திற்காக அன்று.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்க சோதனைகள்

வண்டி இல்லாத பள்ளியிலும் மேற்கண்டவற்றை மாணவர்க்கு விளக்கலாம்.

வீட்டில் பலகாலம் தேய்த்துத் துலக்கிய எவர்சில்வர் டப்பா ஒன்றின் தட்டையான மூடியை எடுத்து, இருண்ட அறையில் ஒரு சிறு விளக்கின் கீழ்ப் பிடிக்க. விளக்கின் பிம்பத்தைச் சுற்றி ஒளிவட்டங்கள் தோன்றும். மூடியை அதன் இடத்திலேயே சுழற்றுக, வட்டங்கள் மாறா. விளக்கை நகர்த்துக, வட்டங்களும் உடன் நகரும். பின்னர் புதிய, கீறலற்ற தகடு ஒன்றை எடுத்து, புழுதி தோய்ந்த உலர்துணியால் ஒரே திசையில் மட்டும் சிலமுறை இழுக்க. இப்போது வட்டத்திற்குப் பதிலாக, கீறல்களுக்குக் குறுக்காக ஓடும் ஓர் ஒளிக்கோடு மட்டுமே தோன்றும். தகட்டைச் சுழற்றினால் கோடும் சுழலும். கீறல்களின் திசைக்கும் சிதறும் ஒளியின் திசைக்கும் உள்ள தொடர்பு இதனால் தெளிவாகும்.

இரண்டாவது சோதனை: சைக்கிளோ வண்டியோ கழுவிய நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஒருமணி நேரம் அசையாமல் வைக்க. அடியில் தங்கிய வண்டலில் சிறிதெடுத்து, உடைந்து போகாத இரு பழைய கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்துத் தேய்க்க. கரகர என்னும் ஒலியும், பின்னர்க் கண்ணாடியில் கீறலும் தோன்றும். கண்ணாடியைக் கீறும் பொருள் வர்ணத்தை விட்டு வைக்குமா என்று மாணவரையே கேட்கலாம். கண்ணாடியின் விளிம்பு கையை அறுக்காதபடி, விளிம்புகளில் முன்னதாக ஒட்டுக்காகிதம் ஒட்டி, ஆசிரியர் தாமே இதனைச் செய்து காட்டுதல் நலம்.

வண்டியைத் துடைப்பவர் தம்மிடம் கொடுக்கப்பட்ட கருவிகளைக் கொண்டே பணி செய்கிறார். ஒரு வாளியும் ஒரு கந்தையும் கொடுத்து, ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்து நிமிடம் என்று விதித்துவிட்டுக் கீறலுக்கு அவரைப் பொறுப்பாக்குதல் முறையன்று. இரண்டாவது வாளி ஒன்றும், தூய துணிகள் சிலவும், முதலில் நீரூற்ற வேண்டும் என்னும் அறிவுரையும் அளித்தால், அதே கைகள் வண்டியின் பளபளப்பைப் பல்லாண்டு காக்கும். அலுவலகத்தில் வண்டியைப் பொறுப்பேற்றுள்ளோர், அதன் நாட்குறிப்பேட்டில் எண்ணெய் மாற்றிய தேதியைக் குறிப்பதைப் போலவே, பாலிஷ் செய்த தேதியையும் குறித்து வருதல் நன்று. எஞ்சியிருக்கும் பூச்சு எவ்வளவு என்பதைப் பின்னர் வருவோர் அறிந்து நடந்து கொள்ள அது உதவும்.